யாருக்கும் சொந்தமில்லாத பலராம்

2022 டிசம்பர் 29-ஆம் தேதி பெலே மறைந்தபோது இந்தியப் பத்திரிகைகள் முதல் பக்கத்தை அவருக்கு ஒதுக்கின. கொல்கத்தாவிலும் கேரளத்திலும் ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 2020 நவம்பரில் மரடோனா இறந்தபோது கேரள அரசு விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கமே அறிவித்தது. அதில் தவறு காண எதுவுமில்லை. நல்ல ஆட்டத்துக்கு நாடும் மொழியும் கிடையாது.

பெலே மறைந்து சரியாக ஏழு வாரங்கள் கழித்து, 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி, கொல்கத்தாவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் துளசிதாஸ் பலராம் காலமானார். அவருக்கு வயது 86. ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல் அடித்தவர்; ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் பெற்றுத் தந்த அணியின் ஆட்டக்காரர்; தமிழ்ப் பெற்றோரின் மகன். பெரும்பாலான நாளிதழ்களில், தமிழ் நாளிதழ்களிலும்தான், அந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் சில வரிகளில் அடங்கிவிட்டது.

பலராமை நினைவில் வைத்திருந்தவர்கள் ரசிகர்கள் மட்டுமே. செகந்திராபாதின் பழைய குடியிருப்புகளிலும் கொல்கத்தா மைதானத்தின் டென்ட்டுகளிலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய சிலர், இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் அந்த ஓட்டத்தைப் பற்றி இப்போதும் பேசுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த ஆட்டத்துக்கு ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் மிகச் சிலவே படச்சுருளில் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தலைமுறை ரசிகர்கள் மறைந்துவிட்டால் பலராமும் இரண்டாவது முறையாக மறைந்துவிடுவார் என்பதுதான் நிலைமை.

ஹைதராபாத் சமஸ்தானத்தின் ராணுவ நகரமான செகந்திராபாதை ஒட்டிய அம்முகூடாவில் 1936-ஆம் ஆண்டு பிறந்தவர் பலராம். சென்னை ராஜதானியின் படைப்பிரிவுகளோடும் ரயில்வேயோடும் அங்கே குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அசோகமித்திரனின் '18-வது அட்சக்கோடு' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தத் தமிழ்ச் செகந்திராபாத் அந்நியமான ஊர் அல்ல. அந்த நாவலின் சந்திரசேகரன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினான் என்றால், அதே ஊரின் ஏழைத் தமிழ்ச் சிறுவர்கள் பந்தை உதைத்தார்கள். பந்துக்குச் செலவு குறைவு.

காலணிக்குத்தான் செலவு. காவலர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸின் தோலைக் கொண்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் இரண்டு ரூபாய்க்குத் தன் முதல் கால்பந்துக் காலணியைச் செய்து வாங்கியதாகப் பலராம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு ரூபாயை அம்மாவிடம் கெஞ்சிப் பெற வேண்டியிருந்ததாம். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் அந்த இளைஞரைக் கவனித்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியர், 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர், 1950 முதல் இந்திய அணிக்கும் பயிற்சியாளர். ஹைதராபாதுக்குப் பயிற்சிக்கு வருமாறு அவர் அழைத்தபோது, செகந்திராபாதிலிருந்து தினமும் வந்து போக வசதியில்லை என்று பலராம் தயங்கினார். சைக்கிள் வாடகைக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாயை ரஹீமே கொடுத்தார். இந்தியக் கால்பந்து வரலாற்றில் அதைவிட லாபகரமான முதலீடு இருக்குமா என்பது சந்தேகமே.

அந்த ஹைதராபாத் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி வென்றது. ஒரு நகரத்தின் காவல் துறை அணி, கொல்கத்தாவின் பெரும் கிளப்புகளை ஓரங்கட்டிய காலம் அது. சந்தோஷ் கோப்பையை 1956-57, 1957-58 என இரு முறை அடுத்தடுத்து ஹைதராபாத் கைப்பற்றியது. இரண்டு அணிகளிலும் பலராம் இருந்தார். (தமிழகம் இன்றுவரை சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதை இங்கே அடைப்புக்குறிக்குள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி இந்தியா நான்காம் இடம் பெற்றபோது, அந்த அணியில் ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் கணிசமாக இடம் பெற்றிருந்தனர். பலராமுக்கு அப்போது வயது இருபது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஹெல்சின்கியில், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றுத் திரும்பியது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் ரஹீமின் சாதனை புரியும். ஐரோப்பாவை அப்போது வியப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்த ஹங்கேரி அணியின் முறையை அவர் உன்னிப்பாகக் கவனித்தார். நடுமுன்கள ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து, இரு புறமும் வேகமான ஓட்டக்காரர்களை வைக்கும் அந்த அமைப்பை இந்தியக் கால்களுக்கு ஏற்ப மாற்றினார். பலவீனமான காலாலும் பந்தை அடிக்கப் பழக வேண்டும். தேவையில்லாமல் பந்தைக் காலிலேயே வைத்திருக்கக் கூடாது. பள்ளிக்கூட வாத்தியாரின் கண்டிப்போடு அவர் சொல்லிக் கொடுத்தவை இவை. எந்த இடத்திலும் ஆடக்கூடிய பலராம் அந்தப் பள்ளியின் மிகச் சிறந்த மாணவர்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அதற்குத் தேர்வு வந்தது. எதை வைத்து ரஹீம் பாடம் நடத்தினாரோ அதே ஹங்கேரியைத்தான் முதல் ஆட்டத்தில் இந்தியா சந்தித்தது. 1-2 என்ற குறைந்த வித்தியாசத்தில் தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் 1-1 என்று டிரா. பெரு நாட்டிடம் 1-3 என்று தோல்வி, அதிலும் இந்தியாவின் கோல் பலராமுடையது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா நுழையவே இல்லை. ஆகவே, ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை ஹைதராபாதில் வளர்ந்த ஒரு தமிழரின் பெயரில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்ததை இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால், இந்திய எதிர்ப்பு அங்கே உச்சத்தில் இருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் இந்திய அணி களம் இறங்கியபோது அரங்கம் முழுவதும் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் இந்தியாவுக்காகக் கைதட்டினார்கள் என்பது அந்த நாளின் மறக்க முடியாத முரண். தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங்கும், பி.கே. பானர்ஜியும் கோல் அடிக்க, தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. அந்தப் போட்டியில் தாய்லாந்துக்கு எதிராகவும் ஜப்பானுக்கு எதிராகவும் பலராம் கோல் அடித்திருந்தார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றதில்லை.

ஜகார்த்தா அணியின் பட்டியலைப் படித்தால் தமிழர்களுக்கு வியப்பு ஏற்படும். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், எதிராஜ், அருமைநாயகம், பலராம். தங்கராஜும் ஹைதராபாதில் பிறந்தவரே. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடி, 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை நீலகிரிக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். 2008 நவம்பரில் பொகாரோவில் அவர் மறைந்தபோதும் இதே மெளனம்தான்.

பலராமின் ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி கொல்கத்தாவில் கழிந்தது. 1957-இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்த அவர், 1961-இல் அதற்குத் தலைமை ஏற்றார். அந்த ஆண்டு லீக் பட்டம் கிடைத்தது. லீகில் அதிக கோல் அடித்தவரும் அவரே. 1962-இல் அர்ஜுனா விருது. 1963-இல், வெறும் 27 வயதில், நுரையீரல் தொடர்பான நோய் அவரது ஆட்டத்தை முடித்து வைத்தது. அதே ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி ரஹீமைப் புற்றுநோய் கொண்டு சென்றது. குருவும் சீடனும் ஒரே ஆண்டில் களத்தை விட்டு விலகினார்கள். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்வது அந்த ஆண்டோடு முடிந்தது தற்செயல் அல்ல.

அதன் பிறகு அறுபது ஆண்டுகள் பலராம் வாழ்ந்தார். ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் கங்கைக் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் தனியாக வசித்தார். அவரோடு சேர்த்து மும்மூர்த்திகள் என்று பேசப்பட்ட இருவரில், சுனி கோஸ்வாமிக்கு 1983-இலும் பி.கே. பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பி.கே.வுக்கு 2004-இல் ஃபிஃபாவின் உயரிய விருதும் வந்தது. இருவரும் தகுதியானவர்கள். 2020-ஆம் ஆண்டில் ஆறு வார இடைவெளியில் இருவரும் மறைந்தபோது நாடு அவர்களுக்கு உரிய மரியாதை செலுத்தியது. மூன்றாமவருக்கு பத்மஸ்ரீ கடைசிவரை வரவில்லை. அந்த மனக்குறையை அவர் பேட்டிகளில் மறைத்ததும் இல்லை. தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறும் கலை தெரியாதவர்கள் இறுதிக் காலத்தில் கசப்போடு பேசும்போது, அதைக் குறையாகச் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை.

ஏன் கிடைக்கவில்லை? தனிநபர் சதி என்று எதையும் சொல்லத் தேவையில்லை. பத்ம விருதுகளுக்கான பரிந்துரைகள் பெரும்பாலும் மாநில அரசுகளிடமிருந்தும் மத்திய அமைச்சகங்களிடமிருந்தும் வந்த காலம் அது. ஒவ்வொரு மாநிலமும் தன் பிள்ளையைப் பரிந்துரைக்கும். பலராம் யாருடைய பிள்ளை? ஆந்திரப் பிரதேசத்துக்கு அவர் ஊரை விட்டுப் போனவர். மேற்கு வங்கத்துக்கு அவர் வெளியூர்க்காரர். தமிழகத்துக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. 2014-இல் பிறந்த தெலங்கானா தன் பெருமைகளைத் தேடித் தேடிப் பட்டியலிட்டது. அம்முகூடாவின் பிள்ளை உத்தர்பாராவில் உயிரோடு இருக்கிறார் என்பதை அதன் அரசுகள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று மாநிலங்கள் உரிமை கொண்டாடியிருக்க வேண்டிய ஒருவர், மூன்றுக்கும் இடையில் விழுந்துவிட்டார். மாநில எல்லைகளைத் தாண்டி வாழ்ந்தவர்களை தேசிய விருது முறை தவறவிடுகிறது என்றால், அதில் தேசியம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பு.

இப்போது யார் வேண்டுமானாலும் இணையம் வழியாகப் பரிந்துரைக்கலாம் என்று முறை மாற்றப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், இறந்தவர்கள் விஷயத்தில் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. பத்ம விருதுகள் பொதுவாக மறைவுக்குப் பின் வழங்கப்படுவதில்லை. மிகத் தகுதியானவர்கள் என்றால், குடியரசு தினத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் மறைந்திருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். அந்தக் கணக்கின்படி 2024 ஜனவரியோடு பலராமின் கதவு மூடிவிட்டது. ரஹீமின் கதவு 1964-லேயே மூடிவிட்டது. சமீபத்தில் இறந்தவர்கள்தான் மரியாதைக்கு உரியவர்கள் என்பதற்கு என்ன தர்க்கம் இருக்க முடியும்? பாரத ரத்னா விருதை மறைந்து பல பத்தாண்டுகள் ஆன தலைவர்களுக்கு மத்திய அரசு வழங்கியிருக்கிறது. அரசியல் தலைவர்களுக்குக் காட்டும் தாராளத்தை ஓர் ஆட்டக்காரருக்கும் ஒரு பள்ளி ஆசிரியருக்கும் காட்டினால் விருதின் மதிப்பு குறைந்துவிடாது.

விருதாவது பெருமை சார்ந்தது. ஓய்வூதியம் வயிறு சார்ந்தது. சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு 1994 முதல் ஓய்வூதியம் வழங்குகிறது. 2018-இல் உயர்த்தப்பட்டபோது ஆசியத் தங்கம் வென்றவர்களுக்கு மாதம் 14,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பதக்கம் இருந்தால்தான் பணம். அதன்படி 1956-இல் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அணி, ஆசியாவிலிருந்து அதுவரை எந்த நாடும் எட்டாத உயரத்தை எட்டிய அணி, இந்தத் திட்டத்தின் பார்வையில் எதுவுமே இல்லை. அந்த அணியில் ஆடிய ஹைதராபாத்காரர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். நலிந்த விளையாட்டு வீரர்களுக்கு நிதி உதவித் திட்டம் தனியாக உண்டு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அதற்கு வருமானச் சான்றோடு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடிய எண்பது வயதுக்காரரைத் தன் வறுமைக்குச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்வது முறையல்ல. ஒலிம்பிக்கில் முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகளின் ஆட்டக்காரர்களையும், அவர்களது மனைவியரையும் ஓய்வூதியத்தில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

ஹைதராபாதின் இன்றைய நிலைமை என்ன? 1965-66-இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன் பிறகு ஆந்திரத்துக்கும் இல்லை, தெலங்கானாவுக்கும் இல்லை. சிறந்த ஆட்டக்காரர்கள் வேலைக்காகக் கொல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனார்கள், மைதானங்கள் சுருங்கின, கிரிக்கெட் வளர்ந்தது. 2019-இல் உருவான ஹைதராபாத் எஃப்.சி., 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்றபோது பழைய ரசிகர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி, வெளியேற்றம் என்று அது சிதறியது. 2025-இல் அந்த அணியே பெயர் மாறி தில்லிக்கு இடம் பெயர்ந்துவிட்டது. உழைத்து வளர்த்த அணியாக இருந்திருந்தால் இப்படி மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. சிட்டி போலீஸ் அணியை யாராலும் தில்லிக்குக் கொண்டுபோயிருக்க முடியாது அல்லவா?

இடையில் 2024-இல் தெலங்கானா அரசு முனைப்புக் காட்டியது. செப்டம்பரில் இன்டர்காண்டினென்டல் கோப்பை கச்சிபவுலியில் நடந்தது. அதில் மொரீஷியஸோடு கோல் ஏதுமின்றி டிரா செய்து, சிரியாவிடம் 0-3 என்று தோற்றது இந்தியா. டிசம்பரில் சந்தோஷ் கோப்பையின் இறுதிச் சுற்றும் அங்கேயே நடந்து, கேரளத்தை 1-0 என்று வென்று வங்கம் பட்டம் பெற்றது. போட்டி நடத்துவது நல்லதுதான். ஆனால் விருந்து நடத்துபவர் பந்தியில் உட்கார முடியாத நிலை.

2025 டிசம்பர் 13-ஆம் தேதி மெஸ்ஸி வந்தார். கொல்கத்தாவில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிய ரசிகர்கள், சுற்றி நின்ற பிரமுகர் கூட்டத்தில் அவரைப் பார்க்கவே முடியாமல் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அன்று மாலை ஹைதராபாத் உப்பல் அரங்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டியே களம் இறங்கிப் பந்தை உதைத்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றிருந்தது இந்தியா. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதியை அதற்கு முன்பே அது இழந்துவிட்டது. கால்பந்தின் மீது இந்திய ரசிகர்களுக்கு அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அன்பைச் செலுத்த உள்ளூரில் ஆள் இல்லாததுதான் குறை.

2024 ஏப்ரலில் ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் 'மைதான்' திரைப்படம் வெளிவந்தது. அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்தார். திரையில் ஒரு பலராமும் ஓடுகிறார். நிஜமான பலராம் அதைப் பார்க்க ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். ரோம் ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றிருந்த ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் 2021 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். படம் வந்த பிறகு ரஹீம் யார் என்று இளைஞர்கள் தேடிப் படித்தது நல்ல விஷயம். அரசும் சம்மேளனமும் அறுபது ஆண்டுகளில் செய்யாததை ஒரு இந்தி சினிமா மூன்று மணி நேரத்தில் செய்தது.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. 1948 முதல் 1964 வரை நாட்டுக்காக ஆடியவர்களின் ஆட்டப் பதிவுகள், புகைப்படங்கள், எஞ்சியிருக்கும் படச்சுருள்கள், பழைய ரசிகர்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டி ஓர் ஆவணக் காப்பகம் அமைக்கலாம். வழக்குகளிலும் உட்பூசல்களிலும் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். எண்பது வயதைத் தாண்டிய ரசிகர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது.

தெலங்கானா அரசு சிலை வைக்க நினைத்தால் வைக்கட்டும். ஆனால் பலராமின் பெயரில் ஏதாவது செய்வதென்றால், அம்முகூடா போன்ற புறநகர்களிலிருந்து மைதானத்துக்கு வர வேண்டிய பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு ஜோடி காலணிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை நிரந்தரமாக ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். அன்று சைக்கிள் வாடகைக்கு ஒரு ரூபாயை ரஹீம் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்று அதைக் கொடுப்பதற்கு ஒரு மாநில அரசும், விளையாட்டு ஆணையமும், ஒரு கால்பந்துச் சங்கமும் இருக்கின்றன.